துபாய்க்குப் பிறகு மிர்பாத்

ஜூலை 9, செவ்வாய். குவைத்

காலை எட்டு மணிக்கே கார்க் கதவின் கைப்பிடி சுட்டது. பள்ளி விடுமுறை ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே போவது என்று இன்றுதான் முடிவானது. வீட்டுக்காரர் மிஷாரி வழக்கம்போல துபாய் என்றார். அவருடைய அக்கா அவாதிஃப் பகல் சாப்பாட்டுக்கு வந்தவர், தம்பி பக்கம் சேர்ந்துகொண்டார். "காசு கொடுத்தா காத்துகூட வாசமா வரும் லுல்வா. மழையில நனையறதுக்கு எதுக்குப் பிளேன் ஏறணும்?"

எனக்கு ஓமானின் தென்கரை. சலாலா இல்லை. தூறல் காலத்தில் வளைகுடாவில் பாதிப்பேர் அங்கேதான் பாய் விரித்திருப்பார்கள். அதற்கும் அப்பால், மிர்பாத். வகுப்பில் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன், என் கால் அங்கே பட்டதில்லை.

கடைசியில், முதலில் அவருக்குத் துபாய், பிறகு எனக்கு மிர்பாத் என்று ஒத்துக்கொண்டோம்.

மகன் பதர் படிக்க வெளிநாடு போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் என்று எழுதத்தான் முடிகிறது. நான் பேசுகிறேன், பதில் வருவதில்லை. என் குரல் காதில் விழக்கூடாது என்பதுபோல தொலைக்காட்சியை அலற விடுகிறார். இன்று தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று மூன்று தடவை கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டினவள் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு அலுத்துப் போவாளா?

மிர்பாத்தில் சொல்லிவிடப் போகிறேன். சால்மியாவில் அம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கே போய்விடுகிறேன் என்று. சத்தம் போடாமல், நல்ல இடமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு. துபாய்

குறை சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தேன். முடியவில்லை.

ஈச்சமரம் மாதிரி கடலில் போட்ட தீவில் எங்கள் ஓட்டல். அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் தட்டையான பச்சைக் கடல். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே ஒரு ஷாப்பிங் மாலின் பனிச்சரிவில் கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள் சறுக்கி விழுகிறார்கள். எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மாலையில் அந்த உயரமான கோபுரத்தின் அடியில் நீரூற்று ஆடியது. மணலில் பிறந்தவர்கள் தண்ணீரை ஆகாயத்துக்கு வீசி விளையாட எவ்வளவு திமிர் வேண்டும், எவ்வளவு ஆசை வேண்டும்! நான் அழுதேன். சும்மாதான்.

மிஷாரி இங்கே வேறு ஆள். சிரிக்கிறார், எல்லோருக்கும் தலையாட்டுகிறார். நீரூற்றின் பாட்டு முழங்கும்போது நான் ஏதோ சொல்ல, குனிந்து என் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். சுற்றி இருந்த எல்லா ஜோடியும் அப்படித்தான் நின்றார்கள். எத்தனை நாளாயிற்று அவர் முகம் இவ்வளவு கிட்டே வந்து.

இப்படி இருக்கத் தெரிந்தவர் வீட்டில் ஏன் இருப்பதில்லை?

ஜூலை 15, திங்கள்

முட்டையை எப்படிச் செய்ய என்று கேட்ட பெண்ணிடம் "ஆமா, ரொம்ப நன்றி" என்றார். நானும் அந்தப் பெண்ணும் சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஜூலை 17, புதன். மிர்பாத்

சலாலாவில் இறங்கியதும் முகத்தில் தூறல். ஜூலை மாதத்தில்! கடலோரச் சாலையில் இளநீர்க் கடைகள், குலை குலையாக வாழைப்பழம், நடுச்சாலையில் ஒட்டகங்கள். நாங்கள்தான் ஓரமாக ஒதுங்கிப் போனோம்.

பகீத் என்ற மீனவர் வீட்டின் மாடி எங்களுக்கு. தூறல் காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகு இறங்காது, அதனால் வாடகைக்கு விடுகிறார். அவர் மனைவி துஃபூல் கையில் சாம்பிராணிப் புகையோடு வரவேற்றாள். "பூட்டெல்லாம் கிடையாதுக்கா. ஒட்டகம் உள்ள வந்தா மட்டும் விரட்டிவிடுங்க" என்றாள். மெத்தை மெல்லியது. ஜன்னல் சரியாகச் சாத்தாது. ஆனால் அந்த ஜன்னலில் தெரிந்ததை என்னவென்று எழுத? மேகம் மலையைவிட்டு இறங்கி, ஊரைத் தடவிக்கொண்டு கடலுக்குப் போகிறது. துபாய் 'என்னைப் பார்' என்று கூப்பிட்டது. இந்த ஊருக்கு நாங்கள் வந்ததே தெரியாது. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மீனா, கறியா என்று துஃபூல் கேட்டதற்கு "திங்கட்கிழமை வரைக்கும்" என்றார். எனக்கு மானம் போயிற்று. அந்தப் பெண் பேசுவதைக் காதில் வாங்கக்கூட மனமில்லையா?

ஜூலை 18, வியாழன்

காலையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நாளை சொல்லிவிடுவேன்.

ஜூலை 19, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டபின் பகீத் எங்களை மலைச்சாலையில் இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு உறவினரைப் பார்க்கப் போனார். இவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை. பனிமூட்டத்தில் பசுக்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. எப்போதும்போல மகன் பேரை வைத்துக் கூப்பிட்டு, முதுகிடம் சொன்னேன்.

"அபூ பதர், நான் சால்மியா வீட்டுக்குப் போயிடறேன். சுவரோட என்னால குடித்தனம் பண்ண முடியல."

நடை மாறவில்லை. கொஞ்ச தூரம் போய் லேசாகத் திரும்பினார். சிரித்த முகம். "அந்தப் பசுவைப் பாரேன். நம்ம அவாதிஃப் மாதிரியே முறைக்குது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்தாறு வருஷம்... இதுதானா எனக்குப் பதில்?

அப்போதுதான் பின்னால் தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டது. நான் ஓரத்துக்குத் தாவிவிட்டேன். அவர் நடுச்சாலையிலேயே போனார். மறுபடி ஹார்ன், காது கிழிகிற மாதிரி. அவர் பசுவைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூட்டத்துக்குள்ளிருந்து விளக்குகள் வந்துவிட்டன. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஈரப் புல்லில் விழுந்தோம்.

லாரிக்காரன் நிறுத்தித் தலையை நீட்டினான். "ஏன்யா, காது செவிடா?"

திட்டத்தான் கேட்டான். எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது. அவருக்கு விழவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் உதட்டை.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு, "ரெண்டு வருஷம் இருக்கும். இடது சுத்தமா போச்சு. வலதுல எப்பவும் ஒரு இரைச்சல்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ என்னைப் பாவமாகப் பார்ப்பாய் என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே சொன்னார்: "துபாய்ல யார் பேசறதும் யாருக்கும் கேக்காது லுல்வா. எல்லாரும் சிரிச்சுத் தலையாட்டுவாங்க. நானும் ஆட்டுவேன். அங்க நான் எல்லாரையும் போல ஒரு ஆளு."

நான் முதுகிடம் சொன்னதை அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்.

"போறியா?"

"தெரியல."

ஜூலை 21, ஞாயிறு

கோபம் போகவில்லை. இரண்டு வருஷம் என்னைச் சுவரோடு பேச விட்டிருக்கிறார். சுவருக்குள்ளே அவரும் தனியாகத்தான் இருந்திருக்கிறார். அதுவும் சேர்ந்து கோபமாகத்தான் வருகிறது.

வெள்ளி இரவே விஷயத்தைத் துஃபூலிடம் சொன்னேன். அவள் 'அச்சச்சோ' எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நேராக வந்து நின்று பேசுகிறாள், அவ்வளவுதான். இன்று சுட்ட கற்களில் கறியை வாட்டினாள். மீனே கேட்டிருந்தால் இந்நேரம் கரியாகி இருக்காதே என்று அவர் கேலி செய்ய, "அப்ப அன்னைக்கே ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தாமதமில்லாமல்.

சாயங்காலம் மூட்டம் கொஞ்சம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. மாடியில் நின்றோம். என் பக்கம் திரும்பி, இங்கே என்னவெல்லாம் கேட்கிறது என்று கேட்டார். ஆடு, கீழே துஃபூல் பாத்திரம் கழுவுவது, தகரத்தில் தூறல் என்று சொல்லிக்கொண்டே போனேன். கடல்? கடலை எப்படிச் சொல்ல? "நம்ம பதர் சின்ன வயசுல மாடிப்படியில ஓடுவானே, அந்த மாதிரி" என்றேன். அவர் தலையாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. குவைத்

மருத்துவர் பார்த்தார். இடது திரும்பாது. வலதுக்குக் கருவி வைத்தால் பெருமளவு கேட்குமாம். அவாதிஃப் வந்து அழுதார். அழுது முடித்ததும், எல்லாம் அந்த ஓமான் ஈரக்காற்றால் வந்தது என்றார்.

நவம்பர் 23, சனி

குளிர் இறங்கிவிட்டது. முற்றத்தில் உட்கார்ந்து, பிப்ரவரி விடுமுறைக்கு எங்கே என்று ஆரம்பித்தோம். அவருக்குக் கத்தாரில் புதிதாக வந்திருக்கும் தீவு ஓட்டல். எனக்குத் துனிசியாவின் கெர்கென்னாத் தீவுகள். அங்கே என்ன இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லை, அதுதான் விசேஷம் என்றேன். ஒன்றும் இல்லாததைப் பார்க்க எதற்கு இரண்டு விமானம் மாற வேண்டும் என்றார். நான் முணுமுணுத்தேன், கருவி வைத்த காது, முணுமுணுப்புக்கும் பதில் வந்தது. நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்கிறார். சத்தம் கேட்டு அடுத்த வீட்டில் விளக்கைப் போட்டார்கள்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை.