கை தட்டிய எடை

அன்புள்ள அம்மா,

தூங்காமல் இந்த நள்ளிரவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முட்டிவலி தேவலையா?

இங்கே ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைக் கைபேசியில்தான் பார்ப்போம். குழந்தையின் எடையைத் தட்டினால் அளவைச் சொல்லிவிடும். இன்று ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போடப் போனபோது மூத்த நர்ஸ் என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏய், ஆறு கிலோ குழந்தைக்கு எதுக்குடி இவ்வளவு மருந்து?"

பார்த்தால், பன்னிரண்டு என்று தட்டியிருக்கிறேன். அது நம் பாப்பாவின் எடை! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"புள்ளைய ஊர்ல விட்டுட்டு, கிலோவ மட்டும் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்று சிரித்தார்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஆனால் அந்தப் பன்னிரண்டும் நான் கிளம்பியபோது பார்த்ததுதான். இப்போது பாப்பா எவ்வளவு இருப்பாள் என்றே எனக்குத் தெரியவில்லை அம்மா. எடை பார்த்துச் சீக்கிரம் பதில் எழுது.