குழல் வாயில் கட்டிய வாழைநார்

என்னங்க,

முப்பத்து மூன்று வருஷமாக உங்களைக் கூப்பிட எனக்கு இருந்தது இந்த ஒரு சொல்தான். "என்ன கோமதி" என்று இனித் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் கை அதையேதான் எழுதுகிறது. நான் நன்றாக இல்லை. துக்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உங்கள் துப்பாக்கியைப் பற்றித்தான். ஜீயபுரத்தில் நம் வாழைக்கொல்லைக்குள் பன்றி இறங்காமல் விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தீர்களே, அந்த ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. குண்டு போட மாட்டேன், வெடிமருந்து மட்டும்தான், சத்தம் கேட்டாலே பன்றி ஓடிவிடும் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள். அப்போதும் எனக்குப் பயம்தான்.

அதற்கு வேண்டிய சாமான் ஒன்றையும் நீங்கள் கடையில் வாங்கியதில்லை. பழைய சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாயை அறுத்து, கரிமருந்து அளக்கக் குப்பி செய்தீர்கள். மருந்தை அடைக்கும் தக்கைகளைக் காய்ந்த வாழைப்பட்டையில் வட்ட வட்டமாக வெட்டினீர்கள். "பூவன் பட்டைதான் சரி, ரஸ்தாளி உதிர்ந்துடுது" என்று நீங்கள் ஆராய்ச்சி முடிவு சொன்ன அன்று, நான் காய் நறுக்கும் பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது உங்கள் பட்டைக்கு அடியில் கிடந்தது. குழல் வாய் வழியாக மருந்தைக் கெட்டிக்க ஒரு மூங்கில் குச்சி. குழல் காலியாக இருந்தால் அது எதுவரை இறங்கும் என்று அதில் கத்தியால் ஒரு கோடு.

அப்புறம் அந்த வாழைநார். கெட்டித்து வைத்தால் குழல் வாயில் ஒரு நாரைச் சுற்றி முடிந்து வைப்பீர்கள். சுட்டு முடித்தால் அவிழ்த்து எறிவீர்கள். நார் இருந்தால் தொடாதே, இல்லாவிட்டால் பயமில்லை. இந்த வீட்டில் துப்பாக்கிக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தை நான்தான் கெடுத்தேன். நெஞ்சுவலி என்று உட்கார்ந்த உங்களைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திருப்பிக் கூட்டி வர முடியவில்லை. காரியத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவி விட்டேன். ஒட்டடை, தூசி, கண்ணில் பட்ட நார், கயிறு எல்லாவற்றையும் வழித்துக் குப்பையில் கொட்டினேன். குழலில் நார் இருந்ததா? இருந்து நான் உரித்துப் போட்டேனா? சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டுமாம். "காலியாத்தானேம்மா இருக்கு?" என்று கேட்டார் அந்தக் காவலர். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். நம் மகள் தன் குழந்தைகளோடு வந்திருந்தாள். அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன், குளிக்கும்போதும் எடுக்கவில்லை.

செபாஸ்டின் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரர், உங்களைப்போலவே லைசென்ஸ் வைத்திருப்பவர், உங்கள் சிநேகிதர். வேறு யாரைக் கூப்பிடுவேன்?

"இதுக்கா பயப்படுற, தங்கச்சி? குச்சியை விட்டுப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

"அண்ணே, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கங்க. கையையும் மேல நீட்டாதீங்க."

குச்சி கோடுவரை இறங்கவில்லை. ஒரு தடவை கெட்டித்திருந்தால் கோட்டுக்கும் குழல் வாய்க்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்குமாம். அண்ணன் விரல் வைத்துப் பார்த்தார். எட்டு விரல். மறுபடி பார்த்தார். அப்புறம் குச்சியை உருவிக் கீழே வைத்துவிட்டு என்னைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"ரெண்டு தடவை கெட்டிச்சிருக்கான் உன் புருஷன்."

மருந்து நனைந்துபோகட்டும் என்று குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். அடுத்த நாள் காவலரே துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவரை அழைத்து வந்தார். அவர் நுனியில் திருகாணி வைத்த கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுத்தார். ஒரு தக்கை, கரிச்சேறு. மறுபடி ஒரு தக்கை, மறுபடி கரிச்சேறு. குண்டு இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அழுதேன். ஆனால் அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "பழைய குழலும்மா. இதைச் சுட்டிருந்தா பொளந்து அவர் மூஞ்சிக்கே வந்திருக்கும்" என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடைசி நாள் காலையில் நீங்கள் கொல்லைப்புறத்தில் கெட்டித்ததைப் பார்த்தேன். சாயந்திரம் மறுபடி கெட்டித்ததையும் பார்த்தேன். நடுவில் சத்தமே கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று தோன்றியது, உண்மை. காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று ராத்திரியே உங்களுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

உங்களிடம் நான் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஆடி மாதம் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்தாமல் வந்தீர்கள். "மறந்துட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு, இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் செருப்பு மாறியது, சித்தப்பா பெயர் மறந்தது, எல்லாவற்றுக்கும் நான் வேறெங்கோ பார்க்கப் பழகினேன். உங்கள் மனம் கோணக் கூடாது என்று இருந்தேன். நெஞ்சுவலி ஒரு நாள் தள்ளி வந்திருந்தால்? இந்த ஒரு கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், இதோடுதான் படுக்கிறேன். நெஞ்சுவலிக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலையில் எந்தப் பெண்டாட்டியாவது இருப்பாளா?

நேற்று செபாஸ்டின் அண்ணன் வந்தார். "அவன் செஞ்ச அந்த அளவுக் குப்பியைக் குடு தங்கச்சி, எனக்கு வேணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் அதை என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நேற்று அந்த ஞாபகமே இல்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நானும் "தேடிப் பாக்குறேன்ண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பழைய புத்தி போகவில்லை, பாருங்கள்.

அவர் துப்பாக்கியும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் கிளம்புகிறேன். அண்ணன் மனைவி ரீட்டா அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உங்களுக்கு மறதி வந்திருந்ததை அண்ணனிடம் முழுக்கச் சொல்லப்போகிறேன். உங்கள் மானத்தை வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை. அவர் கத்தலாம், இனி நம் வாசப்படி மிதிக்காமல் போகலாம். ஆனாலும் உங்களிடம் கேட்காமல் விட்டதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

உங்கள் மனைவி,
கோமதி