சிவப்புக் காருக்குத் தேங்காயெண்ணெய்

டிசம்பர் 3

இன்றும் மாமா என்னோடு பேசவில்லை. மாட்டோடுதான் பேசினார்.

விடியற்காலையில் மீன் பெட்டியை மோட்டர்சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கொட்டிலில் நின்று இலட்சுமியின் கழுத்தைச் சொறிந்தபடி, "இலட்சுமி, நீல ரிமோட் கார் ஓட்டுறவரு நேத்துப் புழுதியோட அப்படியே உள்ள கொண்டுபோய் வச்சிட்டாரு. பேரிங் போயிரும்னு யாராச்சும் அவருக்குச் சொல்லக்கூடாதா?" என்றார்.

நானும் இலட்சுமியைப் பார்த்தேன். "பல்லுத் தீட்டுற பிரஷ்ஷால துடைச்சுப்போட்டுத்தான் வச்சனான் எண்டு சொல்லு."

மாடு இருவருக்கும் பொதுவாக வாலை ஆட்டிவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

அவருடைய மகள் ராஜினியை நான் பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருடமாகிறது. நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்க வேதக்காரன், மீன் வியாபாரி. அவர் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு தர்மபுரத்துக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். கோபம் என் வேதத்தின் மேலா, மீனின் மேலா, கேட்காமல் கட்டியதன் மேலா? ராஜினியைக் கேட்டால் மூன்றும்தான் என்கிறாள். ஒரே வளவு, ஒரே கிணறு. மாமி மீனம்மா வாய் நிறையக் கதைப்பார், குழம்பும் தருவார். மாமாவிடமிருந்து மாடு வழியாகத்தான் எல்லாம்.

டிசம்பர் 7

ஞாயிறு. பூசை முடிந்து வந்து காரைப் பிரித்தேன்.

இதைத் தந்தவன் ராஜினியின் அண்ணன் சதீஸ். கனடாவிலிருந்து ஆவணித் திருவிழாவுக்கு வந்தபோது இரண்டு ரிமோட் கார்கள் கொண்டுவந்தான். முழங்கை நீளம், முள்ளு முள்ளாக ரயர், மண்ணிலும் மேட்டிலும் பாய்கிற சாதி. சிவப்பை அப்பாவிடமும் நீலத்தை என்னிடமும் தந்து, இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்கோ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். சேர்ந்து விளையாடவாம்! அன்றிலிருந்து வளவுக்குள் யுத்த நிலைமை. கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துவிட்டன.

பொம்மை என்று யாராவது சொன்னால் மாமாவுக்கும் கோபம் வரும், எனக்கும் வரும். அந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி.

மோட்டரின் சின்னப் பல்லுச்சில்லுக்கும் பெரிய பல்லுச்சில்லுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி வேண்டும். முட்டினால் பல்லுத் தேயும், விலகினால் கழன்று அலறும். இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து நெருக்கி, ஸ்க்ரூவை இறுக்கி, கடதாசியை உருவிவிட வேண்டும். பரிசு விழாத லொத்தர் சீட்டுத்தான் அளவான தடிப்பு. என்னிடம் விழாத சீட்டுக்குப் பஞ்சமில்லை.

டிசம்பர் 12

விளையாட்டுக் கழகத்துச் செயலாளர் மதுசன் வந்தான். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் எங்கள் கார் ஓட்டத்தையும் சேர்க்கப் போகிறானாம். ஐந்து சுற்று. காலை மைதானத்தில் பொங்கல் பொங்கியதும் முதல் நிகழ்ச்சியே நாங்கள்தானாம். கயிறிழுத்தலுக்கு ஆட்கள் எழும்பி வரும்வரை சனத்தைப் பிடித்துவைக்க எங்களைப் பாவிக்கிறான்.

ராஜினிக்கு இதில் ஒரு யோசனை வந்தது. சாப்பிடும்போது தகப்பனுக்கும் எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இவர் வெண்டால் நீங்கள் இவரை மாப்பிள்ளை எண்டு கூப்பிடவேணும் அப்பா. சனத்துக்கு முன்னால. ஒருக்காச் சொன்னாலே காணும்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். கை கழுவிவிட்டு நேராகக் கொட்டிலுக்குப் போனார். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம்.

"இலட்சுமி, தோத்தா அவரு மீசைய எடுக்கணும். சம்மதமான்னு கேளு."

மீசை! என் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் இருந்த அதே மீசை. சம்மதம் என்று மாட்டுக்குச் சொன்னேன்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஒரு சொல் வேண்டும். ஊரில் எல்லாரும் என்னை 'மீன்கார ஸ்ரீபன்' என்கிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. இந்த வீட்டுக்குள் நான் யார் என்று அந்த மனிதனின் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும்.

டிசம்பர் 13

மீசைக்கு எண்ணெய் பூசிச் சீவினேன். பயப்படாதே என்று சொன்னேன்.

டிசம்பர் 19

கடவுள் இருக்கிறார். சிவப்புக் காரின் ஷொக் ஒழுகுகிறது.

ஷொக் என்பது சில்லுக்கு ஒன்றாக நிற்கிற சின்னக் குழாய். வெளியே ஸ்பிரிங், உள்ளே எண்ணெய். எண்ணெய் இருந்தால் கார் மேட்டிலிருந்து விழுந்தாலும் நிதானமாக எழும்பும். இல்லாவிட்டால் தவளை. மாமா எதையும் வயல் பம்புக்கு இறுக்குவது போல இறுக்குவார். மூடியை இறுக்கி இறுக்கி உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தை நசித்துவிட்டார். நாலிலிருந்தும் எண்ணெய் போய்விட்டது. சதீஸ் தந்த எண்ணெயில் மிச்சம் என்னிடம் ஒரு சின்னப் போத்தல் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன். ஆனால் என்னிடம் எப்படிக் கேட்பார்? மாட்டிடம் கேட்கவும் மானம் விடவில்லை.

மாமி முற்றம் கூட்டும்போது முறையிட்டார். மாமா கிளிநொச்சிக்குப் போய் வளையம் தேடி வாங்கிவிட்டாராம், எண்ணெய்தான் கிடைக்கவில்லையாம்.

எனக்கு ஒரு குறும்பு யோசனை வந்துவிட்டது. பனிக்காலம். மார்கழி, தை விடியலில் குசினியிலிருக்கிற தேங்காயெண்ணெய்க்கு என்ன நடக்கும்? வெள்ளையாக உறைந்து, போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. வெயில் ஏறினால்தான் இளகும்.

ஓட்டம் விடியக் காலையில்.

டிசம்பர் 20

மத்தியானம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ராஜினியிடம் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்: எங்கட கரையில ஷொக்குக்குத் தேங்காயெண்ணெய்தான் விடுறவை, அதை விட்டால் கார் தண்ணியில போறமாதிரிப் போகும். அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எங்கள் கரையில் ரிமோட் கார் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம், வயலில், மாமாவின் மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

டிசம்பர் 22

சிவப்புக் காரில் தாளித வாசம் வருகிறது. மாமா மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது. கொஞ்சம் துள்ளல், ஆனால் மேட்டை அழகாகத் தாண்டியது. இலட்சுமியிடம், "மீன்காரவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். முதன்முறையாக என்னைப் பாராட்டியிருக்கிறார். பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான்.

டிசம்பர் 25

முல்லைத்தீவில் அம்மாவோடு நத்தார். தான் செய்த கேக்கை ஒரு தட்டு நிறைய மாமா வீட்டுக்குக் கட்டித் தந்தா. போன வருடமும் கொண்டுவந்தேன், அப்போது மாமா தொடவில்லை. இம்முறை கொட்டில் பக்கம் திரும்பி நின்று இரண்டு துண்டு சாப்பிட்டதை ராஜினி கண்டாளாம். பிறகு மாட்டிடம், "சீனி கொஞ்சம் கூட" என்றாராம்.

ஜனவரி 4

காலையில் குசினிப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன். கல்லு. அதை முத்தமிட்டதை ராஜினி கண்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் திட்டத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்பாட்டை நல்ல பேர் வாங்கிறதுக்கு அப்பாவையே ஏமாத்திறியளோ?"

ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றாள். இரண்டு பக்கமும் தனக்கு வேண்டிய பக்கமாம்.

ஜனவரி 13

பற்றரி சார்ஜ் ஏற்றியாயிற்று. முன் சில்லு நாலு பாகை உள்ளே சாய்ந்திருந்தது, இரண்டாக்கினேன். ரயரை ரிம்மோடு ஒட்டினேன். ஷொக்கில் காற்றுக் குமிழி இல்லை. சில்லு நட்டுகளை மட்டும் மைதானத்தில் வைத்து இறுக்க வேண்டும்.

நல்ல பனி விழுகிறது. விழட்டும்.

ஜனவரி 14, பொங்கல்

ஆறுதலாக எழுதுகிறேன்.

மைதானத்துக்கு விடியவே போனேன். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாத பனி. பழைய ரயர்களும் மண் மூட்டைகளும் அடுக்கிப் பாதை போட்டிருந்தார்கள், நடுவில் வரம்பு போல ஒரு மண் மேடு. ஓரத்தில் கழகத்துப் பொங்கல் பானை. நான் குந்தியிருந்து நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று சில்லு முடிந்தது. அப்போது மாமா காரைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார்.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய், சும்மா அழகு பார்ப்பவன் மாதிரிச் சிவப்புக் காரின் மூக்கை ஒரு விரலால் அமத்திப் பார்த்தேன். அசையவில்லை. நாலு ஷொக்கும் மரக்கட்டை. எனக்குள் வெடி கொளுத்தியது போலச் சந்தோசம். திரும்பி வந்து நீலக் காரைக் கோட்டில் வைத்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

மாமா கோட்டுக்கு வரவில்லை. நேராகப் பொங்கல் அடுப்புக்குப் போனார். அனல் படுகிற தூரத்தில் காரை வைத்தார். சூரியனுக்குப் படைக்கிறார் என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் சூடேறியதும் மறுபக்கம் திருப்பி வைத்தார், ரொட்டி சுடுகிற பக்குவத்தில். பானை பொங்கியது. அவர் காரைத் தூக்கி, மூக்கை அமத்தினார். மெத்தை மாதிரி இறங்கி எழும்பியது.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனாலும் நான்தான் முன்னே போனேன். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, நீலம் பறந்தது. சிவப்பு துள்ளித் துள்ளிப் பின்னால் வந்தது. மூன்றாம் சுற்றில் மேட்டில் ஏறிப் பாய்ந்தேன். கார் ஒரு பக்கம் விழுந்தது, முன் சில்லு ஒன்று தனியாக மறுபக்கம் உருண்டது. நாலாவது நட்டு! எழும்பிப் போய் அவருடைய காரை நோண்டிய நேரத்தில் என்னுடைய நட்டை மறந்துவிட்டேனடா! கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

சில்லு உருண்டு உருண்டு போய் முடிவுக் கோட்டைத் தாண்டி ஒரு ஐயாவின் வேட்டியில் முட்டி நின்றது. என்னுடைய காரின் ஒரு பகுதி முதலில் வந்துவிட்டது என்று மதுசனிடம் வாதாடிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. சிவப்புக் கார் மிச்சச் சுற்றுகளைக் கல்யாண ஊர்வலம் போல ஆறுதலாக ஓடி முடித்தது.

மாமாவுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. சுற்றிப் பார்த்தார். மாடு இல்லை. மாமியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மீனம்மா, அட்டன்ல நாங்க தலைக்கு எண்ணெய் வைக்கிறதுன்னா முதல்ல என்னா செய்வோம்?"

"போத்தல அடுப்போரமா வைப்போம்" என்றார் மாமி.

அவ்வளவுதான். குளிர் நாட்டில் பிறந்தவனுக்கு உறைந்த எண்ணெயைக் காட்டப் போயிருக்கிறேன், கடற்கரையில் பிறந்த மடையன். வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி நின்ற அன்றே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

வெட்கத்தை விட, அந்தச் சொல் இனிக் கிடைக்காது என்பதுதான் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

ஜனவரி 15, பட்டிப்பொங்கல்

காலையில் கண்ணாடிக்கு முன் நின்று மீசையை எடுத்தேன். ராஜினி பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கண்ணாடியில் எனக்கு முன்னால் ஒரு தோலுரித்த கணவாய் நின்றது.

கொட்டிலில் பொங்கல். இலட்சுமிக்குக் கொம்பில் சந்தனம், கழுத்தில் பூமாலை. போகாமல் விடலாமோ என்று யோசித்தேன். தோற்றவன் ஒளிக்கவும் கூடாது. போனேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. இலட்சுமி பக்கம் திரும்பினார். "இலட்சுமி…" என்று தொடங்கினார். தோள் குலுங்கியது. வாய் விட்டுச் சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டை விட்டுவிட்டு நேராக என் பக்கம் திரும்பினார்.

"மீசைய வளங்க மாப்புள. பாக்கச் சகிக்கல."

நான் பழக்கதோசத்தில் மாட்டைப் பார்த்து, "ஓம் எண்டு சொல்லு" என்றேன்.

"என்னயப் பாத்துச் சொல்லுங்க" என்றார் மாமா.

சொன்னேன்.

ஜனவரி 16

என்னிடமிருந்த எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, என் சில்லு நட்டை இனித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் இறுக்கினால் பிறகு யார் கழற்றுவது?

பெப்ரவரி 9

மீசை பாதி வந்துவிட்டது. பின்னேரம் முழுக்க மாமாவும் நானும் கொட்டில் வாசலில் பாய் விரித்து, இரண்டு காரையும் பிரித்துப் போட்டுச் சண்டை பிடித்தோம். பல்லுச்சில்லுக்கு லொத்தர் சீட்டுத் தடிப்புக் காணாது, கலண்டர் மட்டைதான் சரி என்கிறார். விசர்க் கதை. நான் விடவில்லை, அவரும் விடவில்லை. மாமி இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுவந்து, இரண்டு தரமும் ஆறவிட்டோம்.

இருட்டுகிற நேரத்தில் இலட்சுமி பலமாகக் கத்தியது. அப்போதுதான் பார்த்தோம், அதற்கு மத்தியானத்திலிருந்து ஒருவரும் வைக்கோல் போடவில்லை.