கொத்தாத கோழி

மச்சாள்,

இன்று காலை என் புள்ளிக் கோழி இரத்தம் வரக் கொத்திவிட்டது. இரண்டு நாளாக அது குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய ஓலைக் கடகத்துக்குள் ஏறிப் படுத்திருந்தது. தவிடு குழைத்து வைத்தும் இறங்கவில்லை. அடைக்குக் கிடக்கிறதா, சுகமில்லாமல் வருத்தமா என்று அறிய மெல்ல அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டேன். இறகெல்லாம் சிலிர்த்து, ஊதிப் பெருத்து, கொறு கொறு என்று உறுமிவிட்டு மணிக்கட்டில் ஒரு கொத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலால் வந்து தேத்தண்ணிக்குக் காத்திருந்த உங்கள் தம்பி, "கோழி கொத்தினதுக்கு ஆரும் சிரிப்பினமோ?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டைப் பார்த்தேன். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. கதவு பூட்டியபடிதான் இருக்கிறது.

உங்கள் தம்பியைக் கலியாணம் முடித்துச் சல்லிக் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து உங்களை நான் நம்பியதில்லை. இனி ஒளித்து என்ன? நீங்கள் என் குசினிக்குள் வந்து சட்டி மூடியைத் திறந்து பார்ப்பீர்கள். "உப்புக் காணாது" என்பீர்கள். தம்பிக்கு எத்தனை மீன் துண்டு வைத்திருக்கிறேன் என்று வேவு பார்க்கத்தான் வருகிறீர்கள் என்று நான் நினைப்பேன். உங்களை மட்டுமல்ல, கடைக்காரன் சிரித்தாலே தராசை இன்னொரு முறை பார்க்கிறவள் நான். நான் கிணற்றடிக்கு வரும்போது, "பொலிசு வருது, எல்லாரும் நேர நில்லுங்கோ" என்று நீங்கள் பெண்களுக்குச் சொல்வீர்கள். அவர்கள் சிரிப்பார்கள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று நான் இரவு வரைக்கும் யோசிப்பேன்.

அந்தச் சிவப்புக் கோழியை நீங்கள் எனக்குப் பாதிக்குத் தந்தீர்கள். கோழி உங்களுடையது, தீனும் பாடும் என்னுடையது, குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. இது நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் நன்றாக முட்டையிடுகிற கோழியை ஏன் எனக்குத் தருகிறீர்கள்? அதன் காலைப் பிடித்துப் பார்த்தேன், பேன் இருக்கிறதா என்று இறகை ஊதிப் பார்த்தேன், வாயைத் திறந்தும் பார்த்தேன்.

"நீர் கோழி வாங்க வந்தனீரோ, பொம்பிளை பாக்க வந்தனீரோ?" என்றீர்கள்.

மழைக்காலம் தொடங்கிய கிழமை அந்தக் கோழி மூலையில் குந்திவிட்டது. எனக்கு அப்போது குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும். அடையைத் தெளிய வைத்துவிடலாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நீங்கள் துணி அலம்பிக்கொண்டிருந்தீர்கள். கோழியைத் தொடக்கூட இல்லை, நிமிர்ந்து ஒரு பார்வைதான் பார்த்தீர்கள்.

"உது அடை இல்லை. வருத்தம். கண்ணைப் பாரும், மூடி மூடித் திறக்குது. தலைப் பூவும் கறுத்துப்போச்சு. வேறயாக் கொண்டுபோய் வையும்."

'வேறயா' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். வேறாக வைப்பதென்றால் எங்கே வைப்பது? உங்கள் வீட்டு வளவில்தானே? அங்கே போனால் அது நல்லபடி அடை கிடக்கும், குஞ்சு பொரிக்கும், பாதி என்ற கதை போய் முழுதும் உங்களுக்கு. இப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

"அடைதான் மச்சாள். எனக்குத் தெரியும்" என்றேன்.

வாளித் தண்ணீரில் கழுத்துவரை மூன்று தரம் முக்கினேன். அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்குத் துளையில் கோத்து விட்டேன். அடை தெளிய எல்லோரும் செய்கிற வைத்தியம் அதுதான். அடைக் கோழி என்றால் அந்த நேரம் வளவே அதிரக் கத்தும். இது ஒரு முறைகூடச் சிறகடிக்கவில்லை. என் கையில் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. கள்ளி, நடிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் செத்துக் கிடந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? உங்களிடம் வந்து, "வருத்தக் கோழி எண்டு தெரிஞ்சுதானே என்ர தலையில கட்டினனீங்கள்?" என்று கேட்டேன். நீங்கள் வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"அடிவயித்தில கை வைச்சனீரோ? அடைக்குக் கிடக்கிறது கொத்தும். வருத்தக்காரி கொத்தமாட்டாள், அவளுக்கு ஏலாது. கையை வைச்சுப் பாக்காமல் என்ர முகத்தைப் பாத்தால் கோழியின்ர வருத்தம் தெரியுமோ?"

கோழியை நீங்களே கொண்டுபோய் முருங்கையடியில் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தீர்கள். மற்றக் கோழிகள் கிளறாமல் மேலே கல்லும் வைத்தீர்கள். அன்று பின்னேரமே வந்து என் சட்டி மூடியைத் திறந்து, "உப்புக் கூடிப்போச்சு" என்றீர்கள். உங்கள் கோபம் அவ்வளவுதான். என்னுடையது வருடக்கணக்கில் இருந்தது.

பிறகு ஒருநாள் நீங்கள் கிணற்றடிக்கு வரவில்லை. முதல்நாள் நான் நினைத்தேன், என் கருவாட்டுக் கயிறு உங்கள் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டது, அதுதான் கோபம் என்று. இரண்டாம் நாள் உங்கள் அடுப்புப் புகையைக் காணவில்லை. உப்புவெளிப் பக்கம் ஆரையோ பிடித்துச் சோற்றுப் பார்சல் எடுப்பிக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியக்கூடாதென்று கதவைச் சாத்தியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் நாள், வளவை ஆருக்கோ எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள் என்ற அளவுக்குப் போய்விட்டேன். வேலி இடுக்கால் பார்த்துப் பார்த்து என் கழுத்து நொந்தது. வாசல் படலை திறந்துதான் இருந்தது, உள்ளே போகவில்லை.

உங்கள் தம்பி வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். "எனக்கொண்டுமில்லை, நீ தொழிலுக்குப் போ" என்று உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறீர்கள். அவர் எதையும் நம்புகிற மனுசன், போய்விட்டார். ஆனாலும் சாப்பிடும்போது, "அக்காவை ஒருக்காப் போய்ப் பாரன்" என்றார்.

"உங்கட அக்கா அடைக்குக் கிடக்கிறா. கிட்டப் போனால் கொத்துவா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆறாம் நாள் உங்களிடம் இரவல் வாங்கிய தாச்சிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் வந்தேன். உண்மையில் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் பாயில் கிடந்தீர்கள். நான் நேரே குசினிக்குள் போய் உங்கள் சட்டி மூடியைத் திறந்தேன். காய்ந்து கிடந்தது. பார்சல் சுற்றிய கடதாசி ஒன்றுகூட இல்லை. மூடியை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டேன். தாச்சியை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தேன். "என்ன மச்சாள், எங்களோட கோவமோ?" என்று குத்தலாகவும் கேட்டேன்.

நீங்கள் ஏசவில்லை.

கிட்ட வந்து குனிந்தேன். கண்ணை மூடி மூடித் திறந்தீர்கள். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. என் கையைத் தட்டிவிடுவீர்கள், "போம் உம்மட வேலையைப் பாத்துக்கொண்டு" என்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டிவிட்டிருந்தால் சந்தோசமாகச் சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உங்கள் கை பாயிலிருந்து எழும்பவே இல்லை. உங்கள் தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன்.

ஓட்டோவில் திருகோணமலை ஆசுப்பத்திரிக்குப் போகும்போது உங்கள் தலை என் தோளில் கிடந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு கிட்ட நாங்கள் இருந்ததில்லை. "ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீர் நம்புவீரோ?" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நடிக்கிறா எண்டுவீர்" என்றீர்கள்.

குற்றம் சொல்கிற குரலில்லை அது. இன்றைக்குக் காற்று, வள்ளம் போகாது என்று சொல்வதைப் போலச் சொன்னீர்கள். நான் இல்லை என்று மறுக்க வாயெடுத்தேன். பொய் சொல்ல வரவில்லை.

மூன்று கிழமை ஆசுப்பத்திரியில் இருந்தீர்கள். ஒருநாள் என் கஞ்சியை ஒரு கரண்டி குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, "உப்பில்லை" என்றீர்கள். நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்று நான் வாட்டில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் குறை சொல்லவில்லை, உயிரோடு வீடு திரும்பவுமில்லை.

என் குணம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். இன்றைக்கும் ஒருவர் சுகமில்லை என்றால், எதற்காகச் சொல்கிறார், எந்த வேலையிலிருந்து தப்பப் பார்க்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறேன். பக்கத்தில் இருந்து நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். கேள்வி கேட்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

சில பேர் பொய்தான் சொல்கிறார்கள், மச்சாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.