ஒற்றை இருக்கைப் படகு

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், கடிதத்தில் அப்படிப் புக முடியாது பார், அதனால் எழுதுகிறேன். உன் சித்தி உன்னிடம், "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு, சாப்பாட்டு மேசையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டு ஹால்ல படகைப் போட்டு வச்சிருக்கா" என்று சொன்னாளாம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், மூன்று மாதத்துக்கு முன்னால் நம் தையல் கடைக்கு ஒரு அம்மாள் லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள், ஜிப் பல் விட்டுப் போயிருந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பது வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டம். கல்யாணக் கோட்டு, பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம் தைத்திருக்கிறேன், தண்ணீரில் போகிறவர்கள் போடும் சட்டையைத் தைத்ததில்லை. ஜிப்பை மாற்றிக் கையில் கொடுத்தபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அக்கா, உடம்பு சரியில்லையா, குரல் கட்டியிருக்கே" என்று கேட்டாள். அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்தினதிலிருந்து நான் யாரிடமும் வாய் திறந்து பேசவே இல்லை என்பது அவள் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை. தூசி என்று மழுப்பினேன். அவள் நம்பவில்லை போலிருக்கிறது, "ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாங்க, சும்மா கரையில உக்காந்து வேடிக்கை பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அரை மணி நேரத்தில் என்னைப் பிடித்து ஒரு படகில் உட்கார வைத்துவிட்டாள்.

நீ பயப்படுவாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கண்ணை மூடிக்கொண்டு போய் வாங்கிவிடவில்லை. படகுக்கு முன்னால் லைஃப் ஜாக்கெட்டை வாங்குங்கள், படகை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்று அந்தப் பஸ்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளும் அவள் சிநேகிதிகளும் வைத்திருக்கிற நாலு விதமான கயாக்கில், அதுதான் அந்தச் சின்னத் துடுப்புப் படகில், நாலு ஞாயிற்றுக்கிழமை மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். நீளமாய் ஒல்லியாய் இருப்பது அம்பு மாதிரி நேராகப் போகிறது, ஆனால் நான் தும்மினால்கூட ஆடுகிறது. குட்டையாய் அகலமாய் இருப்பது மெதுவாகத்தான் போகும், ஆனால் உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. காலை உள்ளே நுழைத்து உட்காருகிற மாதிரி ஒன்று, அதில் என் இடுப்பு நுழைந்தது, முழங்கால் திரும்ப வரவில்லை. இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள், கரையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும்தான். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவளுக்குத் தன் இடுப்பு தெரியவில்லை. கடைசியில் மேலேயே உட்காருகிற மாதிரியான படகுதான் எனக்குச் சரி என்று முடிவாயிற்று. அதில் கவிழ்ந்தாலும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். ஏற முடிகிறதா என்று பார்க்க, கழுத்தளவு தண்ணீரில் வேண்டுமென்றே என்னை விழ வைத்தாள். இரண்டு தடவை ஏற முடியாமல் வழுக்கி விழுந்தேன். மூன்றாவது தடவை வயிற்றைக் குறுக்கே போட்டு, காலை உதைத்து, மாவு மூட்டை மாதிரி ஏறிவிட்டேன். பார்க்க லட்சணமாக இல்லைதான், ஆனால் யாரும் கை கொடுக்கவில்லை.

படகுக் கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் கேட்ட கேள்வியெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. இன்னொரு முனையைத் தூக்க வீட்டில் யார் இருக்கிறார்கள், கூட யார் வருவார்கள், திரும்பி வர நேரமானால் யாருக்குச் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் யாருமில்லை, யாருமில்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கே சங்கடமாகிவிட்டது. அப்புறம் உன்னைப் பற்றிச் சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, இரண்டு இருக்கை வைத்த ஒன்றைக் காட்டி, "பொண்ணு லீவுல வரும்போது ரெண்டு பேருமா போகலாம்ல" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது சிட்டு. கடைக்குப் பின்னால் குளத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பின் இருக்கையில் நான் மட்டும் உட்கார்ந்தால் முன்பக்கம் ஆள் இல்லாமல் எழும்பி நிற்கிறது, கொஞ்சம் காற்று அடித்தாலும் அது இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்கிறது. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் விட்டுப்போயிற்று. கரைக்கு வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ வந்து மூன்று வருடம் ஆகிறது, உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீ வருகிற நாளுக்காகக் காத்துக் கிடக்கிற படகு எனக்கு வேண்டாம் என்று பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே பதினெட்டு கிலோவில், ஒன்பதரை அடியில், ஒருவர் மட்டும் உட்காருகிற ஒன்றை எடுத்தேன். தையல் மிஷினை நகர்த்துகிற எனக்கு அதைத் தனியாகத் தூக்கிச் சக்கர வண்டியில் வைக்க முடிகிறது. வீட்டில் எங்கே வைப்பது என்று டேப்பைப் பிடித்து அளந்தேன். நடையில் திரும்பாது, வெளியே வைத்தால் வெயில் தின்றுவிடும். ஹாலில் ஜன்னலிலிருந்து சமையலறைக் கதவு வரை பத்து அடி, மேசை மட்டும் இல்லையென்றால். அப்பாவின் மேசை என்று நீ அழுதாய். அந்த மேசையில் அப்பா போனபிறகு நான் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன். சனிக்கிழமை தோறும் ஆறு நாற்காலியையும் துடைப்பேன், அதில் வாடிக்கைக்காரர்கள் துணியை அடுக்கி வைப்பேன். மேல்வீட்டு நர்ஸுக்கு மூன்று பிள்ளைகள், கட்டிலில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு போன அன்று ஹாலில் மேசைக்கால் இருந்த நாலு இடத்திலும் தரை வெளுப்பாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் அழுதேன். உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பயந்துதான் கேட்கவில்லை, அது என் தப்பு. உன் வீட்டில் எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னாய், அதை நினைத்தால் மனசு நிறைகிறது. இப்போதைக்கு வேண்டாம் கண்ணு.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ்காரிக்கு டூட்டி. நான் மட்டும் போனேன். ஏழு மணிக்கு இறங்குகிறேன், பத்துக்குள் வந்துவிடுவேன் என்று அவளுக்குப் போன் செய்தேன், "பத்து தாண்டி போன் வரலைன்னா பஸ்ஸை நடுரோட்டுல விட்டுட்டு ஏரிக்கு வந்துடுவேன், ஜனங்க உங்களைத்தான் திட்டும்" என்றாள். காற்றே இல்லை. கரையோரமாகவே போவதாகத்தான் இருந்தேன், எப்படியோ நடுவுக்கு வந்துவிட்டேன், திரும்புவதற்கும் போவதற்கும் தூரம் ஒன்றுதான் என்று தோன்றவும் போய்விட்டேன். அக்கரையில் நாணலுக்கு நடுவே படகு மணலில் உரசி நின்றது. இறங்கிப் படகை மணல்மேல் இழுத்துப் போட்டேன். எதிர்க்கரைப் பக்கம் நம் குடியிருப்புக் கட்டடம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது, அதில் நம் ஜன்னல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு தூரம் நானே வந்துவிட்டேன் என்று யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. உனக்கு அப்போது நடுராத்திரி. ஆகவே ஈர மணலில் உட்கார்ந்து, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள்ளேயே வாக்கியம் வாக்கியமாகக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் இந்தக் கடிதம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குச் சட்டைக் கை அளவு அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை, மறக்காதே. இனி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் செய், அதற்கு முன்னால் நான் தண்ணீரில் இருப்பேன். கோபமாக இருந்தாலும் செய்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா