மேற்குச் சுவரின் பலகை

அன்புள்ள சயோவுக்கு,

உன் மாமியார் தொமெ எழுதுகிறேன். தீவில் வெயில் தணிந்துவிட்டது. நெத்தலி காய்வதற்கு இரண்டு நாள் பிடிக்கிறது. உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம்தானே. என் முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அண்ணன் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். நான் பள்ளிக்கூடம் போனது நாலு வருடம்தான். தபால்காரரை எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் இதை இன்னொருவர் கையால் எழுத மனம் வரவில்லை. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

முதலில் மேற்குச் சுவரைச் சொல்கிறேன். புயலில் உன் அறைக்குள் மழை இறங்கிவிட்டது. தச்சர் ஹெய்சாகு வந்து பார்த்தார். மழை தாங்குவதற்காக நெருப்பில் சுட்டு ஏற்றிய கரி மற்றப் பலகைகளில் கெட்டியாக இருக்கிறது. ஒன்றில் மட்டும், தோள் உயரத்தில், கரி தேய்ந்து மரம் உளுத்துப்போயிருக்கிறது. எந்த இடமென்று உனக்குத் தெரியும். படகிலிருந்து வந்ததும் மசாவோ அங்கேதான் சாய்ந்து நின்று பூட்ஸைக் கழற்றுவான். சட்டை முதுகெல்லாம் கரி. நாம் இருவரும் திட்டினால், "சுவத்துக்கு என் முதுகு பிடிச்சுப்போச்சும்மா, நான் என்ன பண்ண?" என்பான்.

அதை எடுக்க நான் விடவில்லை. "ஏன்க்கா, மழைக்கு வாசலத் தொறந்து வச்சு வா வான்னு கூப்பிடப்போறியா?" என்றார் ஹெய்சாகு. பிறகு அவருக்கும் புரிந்தது. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் உன் அறைப் பாய் நனைந்தது. அதற்கடுத்த மழையில் தூணும் ஊறியது. நானே போய் அவரை அழைத்து வந்தேன்.

சுட்டுக் கரியாக்க வேண்டியது ஒரு புதுப் பலகைதான். ஆனாலும் மூன்றைக் குழாய்போலச் சேர்த்துக் கட்டினால்தானே நெருப்பு உள்ளே ஏறும். தண்ணீர் ஊற்ற நீ இல்லை, நான் நின்றேன். நெருப்பு உச்சியில் சீறியது. கயிற்றை அறுத்துப் பலகைகளை விரித்துப் போட்டதும் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தேன். "என்னக்கா, கொழந்தையக் குளிப்பாட்டவா வந்தே? மூணும் சாம்பலாப் போவுது, ஊத்து!" என்று கத்தினார். ஊற்றினேன்.

கழற்றிய பலகையைத் துண்டு போட்டுக் குளியல் தொட்டிக்கு அடியில் எரித்தேன். தண்ணீர் நல்ல சூடு. கழுத்துவரை அமிழ்ந்து, தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே கொஞ்சம் அழுதேன். இதை யாரிடமும் சொல்லாதே.

சயோ, சம்மதம் சொல். உனக்கு இருபத்தேழு வயதுதான். மசாவோவின் படகு திரும்பாமல் போன பிறகு இரண்டு வருடம் எனக்காக இங்கே இருந்தாய். அது போதும். மசாவோ படத்துக்குச் சோறு வைக்கும்போது அவனிடமும் சொன்னேன். அவன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் அளவாகக் குடிப்பவரா என்று மட்டும் விசாரித்துக்கொள். நெத்தலி இரண்டு பை அனுப்பியிருக்கிறேன். ஒன்று அவர் வீட்டுக்கு.

கல்யாணம் ஆனபின் நான் உனக்கு மாமியார் இல்லை. என்னை என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் கடிதம் எழுதாமல் இருந்துவிடாதே. கடிதத்தின் மேலே அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பு. எனக்குத்தான் என்று தெரிந்துகொள்வேன்.

நீ நன்றாக வாழ வேண்டும்.

தொமெ