எலுமிச்சை மணக்கும் பொடி

பாம்பூஃப்ளாட்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

என் அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி எழுதுவதற்கில்லை. அந்த டென்மார்க் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போன் பண்ணினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்கிறாள், வாட்சப்பில் வருவதையும் எடுத்துப் பார்த்துவிடுகிறாள். அவளுக்குத் தெரியக் கூடாத ஒன்றை நான் வேறு எப்படிச் சொல்வது. ஃபெர்ரி ஏறி சாத்தமுக்குப் போய் நானே தபாலில் போடப்போகிறேன்.

உன் தம்பி வின்சென்டின் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்க அம்மா முந்தின நாளே குடங்களை நிறைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தம்ளர் மொள்ளும்போதும் எம்புள்ள நாக்கு வறண்டு போனானே என்று அழுதாள். என்னாலும் தாங்க முடியவில்லை மகளே. போன வாரம் நீ வேறு, நான் செய்து கொடுத்த தண்ணீர்ப் பைதான் தம்பியைக் கொன்றது, இனி அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கால் வைக்க மாட்டேன் என்றாய். ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோனது, மற்றதை இந்த நினைப்பு தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், உன் பை கெட்டுப்போகவில்லை.

போன கிறிஸ்மசுக்கு வந்தபோது படகுத்துறை ஜெட்டியில் ஒரு வாளிக் கடல்தண்ணீரில் அந்தப் பையை முக்கிக் காட்டினாயே, மோட்டார் வேண்டாம் கரண்டு வேண்டாம், உள்ளே இருக்கிற இனிப்புப் பொடியே சவ்வு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், உப்பு வெளியே நின்றுவிடும் என்று. எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடித்தோம், தித்திப்பாக எலுமிச்சை மணத்தது. நடுக்கடலில் ஆபத்துக்கு உதவும் என்று சில பைகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாய். வினையே அங்கேதான். வின்சென்டோடு டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போய் உயிரோடு திரும்பிய தம்பையா நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். ஒருக்கா டிங்கியில சீனி தீந்துபோச்சு மாமா, அந்தப் பொடிய எடுத்து வெறுஞ்சாயாவுல போட்டோம், அப்படி ஒரு ருசி, பெறவு அதுவே பழக்கமாயிட்டு என்றான். கரைக்குப் போயி பையில வீட்டுச் சீனியை அள்ளிப் போட்டா சரியாப்போச்சு, கோயி பாத் நஹிண்ணே, ஒண்ணும் ஆவாது என்று நம் பையன் சிரிப்பானாம். ஒவ்வொரு தடவையும் பத்திரமாகக் கரைக்கு வந்தார்கள், வந்ததும் மறந்தார்கள். இஞ்சின் நின்று டிங்கி பாராடாங் தீவுக்குக் கிழக்கே இழுபட்டுப் போய், கேன் தண்ணீரும் தீர்ந்த பிறகு வெறும் பைகளைக் கடலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தட்டையாகவே கிடந்ததாம். இழுக்க உள்ளே ஒன்றும் இல்லாதபோது தண்ணீர் எப்படி வரும். கடைசியில் வின்சென்ட் கடல்தண்ணீரையே அள்ளிக் குடித்திருக்கிறான், தம்பையா தடுத்தும் கேட்கவில்லை. நினைவு தப்புவதற்கு முன்னால், அக்காகிட்ட சொல்லிராதீங்கண்ணே, அவ வைவா என்றானாம். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் நீ கேட்டபோது தம்பையா, பையில தண்ணி வரல என்பதோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறான். படுபாவிப் பயல், சாகும்போதும் உனக்குத்தான் பயந்திருக்கிறான்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. டிங்கிக்குச் சீனி டப்பா கொடுத்துவிடுகிறவள் அவள்தான், அவன் அள்ளி அள்ளிப் போடுகிறான் என்று குறைத்துத்தான் கொடுப்பாள், உனக்குத் தெரியும். இது தெரிந்தால் அவள் அன்றோடு சோறு தண்ணீரை விட்டுவிடுவாள். உன் தலையிலிருந்து இறக்கி அவள் தலையில் வைக்க எனக்கு மனசில்லை, என்னிடமே இருந்துவிட்டுப் போகட்டும். நீ கோபம் வந்தால் அவனை வாய் வலிக்கத் திட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழு, ஆனால் இது கைக்கு வந்த அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடு. முழங்கால்வலித் தைலம் அனுப்புகிறேன் என்றாயே, அதற்கு அவசரமில்லை, வேறொன்றுதான் அவசரம். ஈஸ்டர் கழிந்து தம்பையா மறுபடி கடலுக்குப் போகிறான், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. நீ படித்தவள், இதற்கும் ஒரு வழி இருக்கும். தண்ணீரை இழுக்கவும் வேண்டும், குடித்தால் கெடுதியும் செய்யக் கூடாது, ஆனால் வேப்பங்கொழுந்து போலக் கசக்க வேண்டும், எந்தப் பயலும் சாயாவில் போட முடியாதபடி. அப்படி ஒரு பொடி போட்டு அனுப்பு, மகளே.

மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அப்பா,
ஜேசுதாசன்